சவுக்குக்குப் போகிற வழி

எனக்குக் கூட்டமாக நடப்பது பிடிக்காது. தனியாக நடப்பதும் பிடித்துச் செய்ததல்ல. சர்க்கரை ஏறிவிட்டது, நடக்காவிட்டால் கால் போய்விடும் என்று டாக்டர் மிரட்டியதால் நடக்க ஆரம்பித்தவன் நான். இதைப் படிக்கிறவர்கள் என்னை இயற்கையை நேசிக்கிற ஆசாமி என்று தப்பாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீடு சேலையூரில். கேம்ப் ரோட்டில் நடப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். பிளாட்பாரத்தில் பைக் ஓட்டுகிறவன் நம்மைப் பார்த்து ஹாரன் அடிப்பான். அதனால் செம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போனேன். அங்கே நாலு பேர் வழியை அடைத்துக்கொண்டு நடப்பார்கள். ஒருவர் செல்போனில் பக்திப் பாட்டு அலறும், இன்னொருவர் செல்போனில் பங்குச் சந்தை அலறும். முன்பின் தெரியாத ஒரு மனிதர் தினமும் என்னை நிறுத்தி, “சார், கையை நல்லா வீசி நடங்க” என்பார். ஒரு நாள் வீசிவிட்டேன். அவர் கன்னம் மயிரிழையில் தப்பியது. அதோடு ஏரிக்கரையை விட்டேன்.

என் பிழைப்பைச் சொல்ல வேண்டும். கூடுவாஞ்சேரியைச் சுற்றி வயல்களை மனைகளாக்குகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிறவன் நான். இருபத்தைந்து வருடமாக இதே வேலை. கிராம வரைபடங்களில் வண்டிப் பாதையை இரட்டைக் கோடாகவும், ஒற்றையடிப் பாதையைப் புள்ளிக்கோடாகவும் காட்டியிருப்பார்கள். எங்கள் தொழிலில் புள்ளிக்கோடு ஒரு தலைவலி. மனைக்கு நடுவே ஓடும். வாங்க வருகிறவன் கேள்வி கேட்பான். எத்தனையோ புள்ளிக்கோடுகளை நான் இந்தக் கையால் ஓரம் தள்ளியிருக்கிறேன். சிலவற்றை இல்லாமலே ஆக்கியிருக்கிறேன்.

அப்படிப்பட்டவனின் மேஜைக்கு ஒரு நாள் கடலோரக் கிராமம் ஒன்றின் வரைபடம் வந்தது. கேளம்பாக்கம் தாண்டி, கோவளம் போகிற ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். கடலிலிருந்து உள்ளே ஏறி நிற்கிற உப்புத் தண்ணீரை அங்கே கழி என்பார்கள். அது கடலோடு சேருகிற இடம் முகத்துவாரம். ஊர்க்கோடியிலிருந்து கழியின் ஓரமாகவே, ஒரு சவுக்குத் தோப்பின் நடுவே புகுந்து, முகத்துவாரம் வரைக்கும் ஒரு புள்ளிக்கோடு போயிற்று. யாரும் என்னை அழிக்கச் சொல்லாத புள்ளிக்கோடு. அந்த வாரமே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

பத்து மணி இருக்கும். கழியில் இரண்டு பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பனையோலைப் பையைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். மூத்தவளுக்கு நாற்பது வயது இருக்கலாம். கரையில் நின்று கூப்பிட்டேன்.

“ஏம்மா, இந்த வழி எங்க போகுது?”

அவள் பையைக் கையில் எடுத்துக்கொண்டாள். “எதுக்கு சார்?”

“சும்மா நடக்கத்தான்.”

இளையவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூத்தவள் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள். “அது சவுக்குக்குப் போற வழி சார்.”

“நானும் போகலாமா?”

“நீ ஏன் சார் அங்கெல்லாம் போற? நடக்கணும்னா ரோட்டாண்ட போய் நட.”

எனக்குச் சுருக்கென்றது. ரோட்டில் நடக்க முடியாமல்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன், இவள் யார் எனக்கு வழி சொல்ல? அந்த வழியிலேயே நடந்தேன். ஒரு பக்கம் கழி, மறு பக்கம் பனைமரங்கள், அப்புறம் சவுக்குத் தோப்பு. தோப்புக்குள் காலடிச் சத்தமே கேட்கவில்லை. கடைசியில் மணல்மேடு, அதற்கப்பால் கழியும் கடலும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிற இடம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழகாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு விடிவதற்கு முன்பே போய் மணல்மேட்டிலிருந்து தோப்பைப் படம் எடுத்தேன். சவுக்கு மரங்களுக்கு நடுவே பனி நின்றது. பனிக்குள் மூன்று நாலு சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். சுள்ளி பொறுக்குகிற பெண்கள் என்று நினைத்தேன். எங்கள் பகுதிக்காரர்களின் வாட்ஸப் நடைக் குழு ஒன்றில் என்னையும் யாரோ சேர்த்துவிட்டிருந்தார்கள். அதில் படத்தைப் போட்டு, ‘சவுக்குக்குப் போகிற வழி’ என்று அவள் சொன்ன பேரையே தலைப்பாக வைத்தேன். குழுவின் தலைவர் வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் மேனேஜராகவே இருக்கிறவர். “அந்தக் கலர் புள்ளிகள்தான் சார் படத்துக்கே உயிர்” என்று எழுதினார். அன்று மாலையே அந்தப் படம் குழுவின் முகப்புப் படமாகிவிட்டது. இருபத்தைந்து வருடம் வரைபடம் போட்டு ஒரு பாராட்டு வாங்காதவனுக்கு இது போதாதா?

மறு வாரம் நாற்பது பேரை அழைத்துப் போனேன். வழி தவறக் கூடாதே என்று முந்தின நாளே போய்ப் பனைமரங்களில் மஞ்சள் பெயின்ட்டில் அம்புக்குறி போட்டிருந்தேன். செல்போன் மேப்பிலும் வழியை ஏற்றினேன். சூரியன் வரும்போது முகத்துவாரத்தில் இருக்க வேண்டும் என்பதால் ஐந்தரைக்கே தோப்புக்குள் நுழைந்துவிடுவோம். ஆளுக்கொரு டார்ச், பளபளக்கும் ஷூ, சிரிப்பு, கூச்சல்.

மூன்றாவது வாரம் வழியை மறித்து வேலிக்காத்தான் முள் கிடந்தது. ஒரு கம்பால் தள்ளிவிட்டுப் போனோம். அதற்கடுத்த வாரம் இரண்டு மடங்கு முள். என் சட்டை கிழிந்தது. எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். இந்தத் தொழிலில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! முதலில் முள், அப்புறம் வேலி, அப்புறம் ஒரு கொட்டகை, அப்புறம் பட்டா கேட்டு மனு. பொது வழியை வளைக்கப் பார்க்கிறார்கள்.

முள்ளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அந்த மூத்தவள் வந்தாள். அவளுக்குப் பின்னால் இருட்டில் இன்னும் நாலைந்து பெண்கள் நின்றார்கள்.

“இன்னாத்துக்கு சார் முள்ள எடுக்கற?”

“நீதான் போட்டியா? இது பொது வழி. மேப்புல இருக்கு. உன் பட்டா இருந்தா காட்டு, போயிடறோம்.”

“பட்டால்லாம் இன்னாத்துக்கு? காலைல மட்டும் வராதீங்க. பத்து மணிக்கு மேல வந்து எம்மாநேரம் வேணா நடங்க, யாரு கேக்கப் போறா?”

“சூரியோதயத்தைப் பத்து மணிக்கா பாக்கறது?” என்றேன். எனக்குப் பின்னால் நாற்பது பேரும் சிரித்தார்கள். “காலைல வந்தா உனக்கு என்ன நஷ்டம்? அதைச் சொல்லு.”

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் டார்ச்சோடு நிற்கிற ஆண்களைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். “பேஜார் பண்ணாத சார். சொன்னா கேளு.”

காரணம் சொல்ல முடியாதவள் கள்ளி என்பது அப்போது என் கணக்கு. அதனால் சொல்லக் கூடாததைச் சொன்னேன். “உங்க வீடெல்லாமே புறம்போக்குலதான் இருக்கு. எனக்குத் தெரியும், மேப் என்கிட்ட இருக்கு. தாசில்தார் ஆபீசுக்கு ஒரு மனு எழுதினா முள்ளை மட்டும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க.”

அவள் முகத்தில் சட்டென்று எல்லாம் அடங்கிவிட்டது. குனிந்து மிச்சமிருந்த முள்ளைத் தானே இழுத்து ஓரமாகப் போட்டாள். பெண்கள் திரும்பிப் போனார்கள். மேனேஜர் என் முதுகில் தட்டி, “சூப்பரா ஹேண்டில் பண்ணீங்க சார்” என்றார். திரும்பும்போது கேளம்பாக்கத்தில் ஆறு இட்லி சாப்பிட்டேன், சர்க்கரையாவது மண்ணாவது என்று.

பிறகு முள் விழவில்லை. மேப்பைப் பார்த்து மேடவாக்கத்திலிருந்து ஒரு குழு புதன்கிழமை வந்தது. ஐ.டி. கம்பெனிக்காரர்கள் வெள்ளிக்கிழமை வந்தார்கள். நாலு மாதத்தில் அந்த வழியில் ஆள் வராத விடியல் இல்லை என்றாகிவிட்டது. நான் பெருமைப்பட்டேன். அழிக்கிறவன் ஒரு பாதையை வாழவைத்துவிட்டேன் என்று மனைவியிடம்கூடச் சொன்னேன்.

மனைவி சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். “நடக்கறதுக்கு நாப்பது பேர் எதுக்கு, ஊர்வலமா?” என்று கேலி செய்கிறவள், அரைப்பரீட்சை லீவில் ஒரு ஞாயிறு என்னோடு கிளம்பினாள். தோப்பை நெருங்குகிறபோது என் கையைச் சுரண்டினாள். அவசரம். வழியில் பெட்ரோல் பங்கில் கேட்டபோது டாய்லெட் சாவி ஓனரிடம் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். “அங்க வீடுங்க இருக்கு பார், யாரையாவது கேளு” என்று சொல்லிவிட்டு நான் கூட்டத்தோடு போய்விட்டேன்.

அரை மணி கழித்து வந்தாள். முகம் சரியில்லை. திரும்பும்போது பின்சீட்டில் என்னைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். வண்டலூர் ரோட்டில் பாதி வந்ததும் தோளில் குத்தினாள்.

“வண்டியை ஓரமா நிறுத்துங்க.”

நிறுத்தினேன்.

“சவுக்குக்குப் போறதுன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?”

“தோப்புக்குப் போறது.”

“அப்போ கொல்லைக்குப் போறதுன்னா கத்தரிக்கா பறிக்கப் போறதா?”

எனக்கு ஒரு நிமிடம் லாரிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. கொல்லைக்கு, காட்டுக்கு, வெளிக்கு, ஆற்றங்கரைக்கு. ஊருக்கு ஊர் ஒரு சொல். அதைச் சொன்னால் மேற்கொண்டு கேட்கக் கூடாது என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். நான் அதைத் தலைப்பாக வைத்திருக்கிறேன்.

“வீட்டுக்கு வீடு கக்கூஸ் கட்டிக் குடுத்திருக்காங்க. கதவுல பெயின்ட்கூட இருக்கு. கழியில தண்ணி ஏறினா தொட்டி ரொம்பி எல்லாம் வீட்டுக்குள்ளயே திரும்பி வருதாம். விறகு அடுக்கி வெச்சிருக்காங்க அதுல. விடியறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம், அந்தத் தோப்பு, அவ்வளவுதான் அந்தப் பொம்பளைங்களுக்கு.” அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். “எனக்கு ரெண்டு பேர் புடவையைப் பிடிச்சு மறைச்சு நின்னாங்க, வீட்டுக்குப் பின்னாடி. உங்க ஆளுங்க அந்தப் பக்கம் போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க.”

“அவ சொல்லியிருக்கலாமே” என்றேன். அந்த நேரத்திலும் என் வாய் அதைத்தான் சொல்லிற்று.

“நாப்பது ஆம்பளைங்களுக்கு முன்னாடியா? நீங்க சொல்வீங்களா?” என்று கத்தினாள். “சனிக்கிழமை ராத்திரி அங்க வயசுப் பொண்ணுங்க சாப்பிடறதே இல்லையாம். சாப்பிட்டாத்தானே காலைல போகணும். இப்ப தினமும் வராங்களே, தினமும் பட்டினி கிடக்க முடியுமா அக்கான்னு அந்தம்மா என்னைக் கேக்கறா. நான் என்ன சொல்லட்டும்?”

நான் சாவியைத் திருகினேன். வண்டி கிளம்பவில்லை.

“இன்னொண்ணும் கேட்டா. அந்த மஞ்சப் பெயின்ட் சார் உன் வீட்டுக்காரரான்னு.”

“என்ன சொன்னே?”

“இல்லைன்னு சொன்னேன்.”

வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிவப்பு, பச்சை. ஒருத்தி கையிலும் சுள்ளி இல்லை. ஒருத்தி பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மக் இருந்தது. செல்போனைக் கவிழ்த்து வைத்தேன். அந்த ஆத்திரத்தில் யாரை அடிப்பது என்று தெரியவில்லை. அடிபட வேண்டியவன் நான்தான்.

மேப்பிலிருந்து வழியை நீக்கினேன். அதற்குள் பத்துப் பேர் நகல் எடுத்து வைத்திருந்தார்கள். குழுவில், “சில காரணங்களால் இனி இந்த வழி வேண்டாம், முகப்புப் படத்தையும் எடுத்துவிடுங்கள்” என்று எழுதினேன். என்ன காரணம் என்று பதினைந்து பேர் கேட்டார்கள். பட்டா, புறம்போக்கு என்று வாய் கிழியப் பேசியவனுக்கு அந்த ஒரு வார்த்தையை எழுதக் கை வரவில்லை. “பாம்பு இருக்கிறது” என்று எழுதினேன். அடுத்த ஞாயிறு பாம்பைப் படம் எடுக்கப் பெரிய லென்ஸ் கேமராக்களோடு எட்டுப் பேர் கூடுதலாக வந்தார்கள்.

வேறு வழியில்லாமல் உடைத்து எழுதினேன். அந்தத் தோப்பு பெண்கள் காலையில் ஒதுங்குகிற இடம், நாம் போவதால் அவர்கள் பட்டினி கிடக்கிறார்கள், தயவுசெய்து போகாதீர்கள். பிறகு ஒருவர் மூக்கைப் பொத்திக்கொள்கிற பொம்மை போட்டார். இன்னொருவர், “அய்யோ, என் ஷூ!” என்றார். மேனேஜர் நீளமாக எழுதினார். திறந்தவெளியை அசுத்தம் செய்வது குற்றம் என்றும், இதைக் கலெக்டரின் கவனத்துக்குக் கொண்டுபோவது படித்தவர்களின் கடமை என்றும். கடைசியில் ஒரு வரி: “மனு எழுத உங்களை விட்டால் யார் சார்? புறம்போக்கு விவகாரம் உங்களுக்குத்தானே அத்துப்படி.” பதிலுக்கு நான் எழுதியதை இங்கே எழுத முடியாது. குழுவிலிருந்து வெளியேறினேன். படம் அங்கேயே இருக்கிறது.

அதற்கடுத்த ஞாயிறு விடியற்காலை நாலரைக்கே போனேன். கறுப்புப் பெயின்ட் டப்பா ஒன்றும் அரிவாளும் எடுத்துக்கொண்டேன். பனைமரத்து அம்புக்குறிகளை ஒவ்வொன்றாக மெழுகினேன். வேலிக்காத்தானை வெட்டி, தோப்பு வாசலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அடைத்தேன். முழங்கையெல்லாம் ரத்தம். அந்த எரிச்சல் நன்றாக இருந்தது. அப்போது பேச்சுக் குரல்கள் வழியில் வந்து, என்னைப் பார்த்ததும் நின்றன.

“மறுபடியும் நீயா?” அவள்தான்.

“முள்ளு போடறேம்மா. அவங்க வராம இருக்கறதுக்கு.”

“இப்போ நாங்க எப்டி உள்ள போறது?”

நான் முள்ளைப் பார்த்தேன். அவர்கள் முன்பு போட்டபோது கழியோரம் ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவு இடைவெளி விட்டிருப்பார்கள் போலிருக்கிறது. அது தெரிந்தவர்களுக்குத் தெரியும். நான் மனைக்கு எல்லை போடுகிற புத்தியோடு முழுக்க அடைத்துவிட்டிருந்தேன்.

“தெரியாமப் போச்சும்மா. அன்னிக்கும் தெரியாமத்தான்…”

“தெரிஞ்சுகினு இன்னா பண்ணப் போற?” அவள் முள்ளை இரண்டு விரலால் பிடித்து நகர்த்தினாள். “முள்ளு போட எங்களுக்குத் தெரியும். இப்ப இங்க நிக்கற ஆம்பள யாரு? நீதானே? பொண்ணுங்க நின்னுகினு கீதுங்க. நகரு. நிக்கணும்னா ரோட்டாண்ட போய் நில்லு.”

போய் நின்றேன். மண்பாதை ரோட்டிலிருந்து பிரிகிற இடத்தில் ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தி, தோப்புக்கு முதுகைக் காட்டி நின்றேன். ஐந்தே காலுக்கு முதல் கார் வந்தது. மேனேஜர் கண்ணாடியை இறக்கி, “என்ன சார் இது, பொது வழியை மறிக்கிறீங்க?” என்றார். என் வாசகம்தான். அரிவாள் கையிலேயே இருந்ததை நான் மறந்துவிட்டேன், அவர் பார்த்துவிட்டார். கண்ணாடி ஏறியது. பின்னால் வந்த கார்களிலிருந்து வீடியோ எடுத்தார்கள். ஒருவன் பைத்தியம் என்றான். ஆமாம், இறங்கி வாடா என்றேன். யாரும் இறங்கவில்லை. விடிந்ததும் ஒவ்வொரு வண்டியாகத் திரும்பிப் போயிற்று.

ஏழு மணிக்கு அவள் பனையோலைப் பையோடு கழிக்கு வந்தாள். என் கையைப் பார்த்தாள், ரத்தம் காய்ந்திருந்தது. நன்றி என்று ஒரு சொல் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். அதை மறைக்க மாட்டேன்.

“நாளைக்கும் வருவாங்க” என்றாள். “நாளைக்கு நீ வந்து நிப்பியா?”

நாளை திங்கட்கிழமை. ஒன்பது மணிக்கு ஆபீஸ்; கூடுவாஞ்சேரியில் ஒரு லே-அவுட்டை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பையைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.